சொரசொரப்புப் பக்கம்

கண்ணாடிக்காரருக்கு வம்பு என்றாலே ஆகாது. தெருவில் இரண்டு பேர் கொஞ்சம் சத்தமாகப் பேசினால் போதும், குடித்துக்கொண்டிருக்கும் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கடைக்குள் நுழைந்துகொள்வார். யார் எதைச் சொன்னாலும் 'ஆமாங்க' என்பார். வெயில் கொளுத்துகிறது என்றாலும் ஆமாங்க, இதெல்லாம் ஒரு வெயிலா என்றாலும் ஆமாங்க. அவருடைய அக்கா அதே தெருவில் தையல்காரி. அவள்தான் அவருக்கு 'ஆமாஞ்சாமி' என்று பேர் வைத்தாள். அந்தப் பேர் தெரு முழுக்கப் பரவி, கடைசியில் அவரே அதற்குத் திரும்பிப் பார்க்கும்படி ஆகிவிட்டது.

அவர் கடையில் கண்ணாடிப் பலகைகள் சுவரோரமாகச் சாய்ந்து நிற்கும். ஜன்னல், அலமாரி, மேஜை எல்லாவற்றுக்கும் வெட்டிக் கொடுப்பார் என்றாலும், அவர் பிழைப்பு ஓடியது முக்கியமாகக் குளியலறைகளில்தான். அதற்குப் போடுவது மங்கல் கண்ணாடி. அதில் ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கம் மணலைப் பீய்ச்சி அடித்த சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்புதான் பார்வையை மறைக்கிறது. குளியலறையில் சொரசொரப்புப் பக்கம் எப்போதும் வெளியே பார்க்க வேண்டும். இதை அவர் மூளை யோசித்துச் செய்வதில்லை, கை தன் பாட்டுக்குச் செய்துவிடும். சட்டத்தில் பலகையை ஏற்றுவார், சுற்றி மக்குப் பசை அப்புவார், அது நகராமல் இருக்கப் பீடிங் என்கிற மெல்லிய மரப்பட்டி அடிப்பார், அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். யாருக்கும் கெடுதல் இல்லாத வாழ்க்கை.

அப்போதுதான் நகராட்சித் தேர்தல் வந்து சேர்ந்தது.

அந்தத் தெருவுக்குத் தேர்தல் ஒரு தலைவலியாகவே இருந்ததில்லை. தெருக்கோடியில் இருந்த பிரார்த்தனைக் கூடத்தைச் சபை என்று ஒரு குழு நடத்திவந்தது. பிறப்பு, கல்யாணம், சொத்து, சண்டை என்று எதற்கும் சபையிடம் ஒரு நெறி உண்டு. யாருக்கு ஓட்டு என்பதற்கும் உண்டு. சபை ஆளைச் சொல்லும், தெரு போய்க் குத்திவிட்டு வரும். இந்தத் தடவை சபையைக் கேட்காமல் ஒருத்தி வேட்பாளராக நின்றாள். அதுவும் ஆமாஞ்சாமியின் அக்கா. பெண் நிற்கக் கூடாது என்று நெறியில் எங்கேயும் இல்லை, கேட்காமல் நிற்கக் கூடாது என்றுதான் இருந்தது. நாட்டுச் சட்டமோ யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றது.

வார்டு முழுக்க எண்ணியதில் அக்கா தோற்றாள். அதோடு விட்டிருந்தால் எல்லாரும் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். ஆனால் பெட்டியைத் திறந்து எண்ணியபோது, அந்தத் தெருவின் வாக்குச்சாவடியில் பாதிக்கு மேல் அக்காவுக்கு விழுந்திருந்தது. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. 'நான் போடவில்லை' என்று எல்லாரும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார்கள். அந்த வாரம் தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டதைப் போல அதற்கு முன் எப்போதும் பார்த்ததில்லை.

சபை அக்காவை விலக்கி வைத்தது.

விலக்கு என்றால் அடி இல்லை, திட்டு இல்லை, ஊரை விட்டுப் போ என்றும் இல்லை. விலக்கப்பட்டவரின் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, அவ்வளவுதான். பார்த்தவர் எவரோ அவரும் விலக்கப்பட்டவரே. அக்கா தெருவில் வந்தால் எதிரே வருபவர்களின் கண் அவள் மேல் வழுக்கிக்கொண்டு போய் அவளுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் நிற்கும். குழந்தைகள் கன்னத்தோரம் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு நடக்கப் பழகின. முதல் வாரம் அது விளையாட்டு மாதிரி இருந்தது. ஒரு மாதத்தில் அந்தக் குழந்தைகளின் கைகள் அவர்களுக்கே தெரியாமல் தானாக எழுந்தன. அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

அக்கா போலீசுக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரர், நல்ல மனுஷன். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அடிச்சாங்களா?"

"இல்ல சார்."

"மிரட்டினாங்களா? தண்ணி, கரண்ட் எதையாவது நிறுத்தினாங்களா?"

"இல்ல சார். பார்க்க மாட்டேங்கிறாங்க."

"பார்க்க மாட்டேங்கிறாங்கன்னு எந்தப் பிரிவுலம்மா நான் கேஸ் போடுறது? யாரைப் பார்க்கணும், பார்க்க வேண்டாம்ங்கிறது அவங்க சுதந்திரம் இல்லையா?"

இது தெருவுக்கு எட்டியதும் சபைக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆனால் தெருவுக்குக் கழுத்து வலி வந்திருந்தது. அக்காவின் ஜன்னல் தெருவைப் பார்த்து இருந்தது. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் தைப்பாள். போகிறபோதும் வருகிறபோதும் எத்தனை தடவைதான் முகத்தைத் திருப்புவது? அந்த ஜன்னலுக்கு மங்கல் கண்ணாடி போட்டுவிட்டால் என்ன என்று யாரோ யோசனை சொன்னார்கள். வீடு அவளுடையது, முகப்பு தெருவுடையது என்று இன்னொருவர் விளக்கினார். எல்லாம் முறையாக, ஜனநாயகமாக நடக்கட்டும், தெருவே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்றார் சபைப் பெரியவர்.

சபையில் ஓட்டுப் போடுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். பெரியவர் பிரார்த்தனை சொல்வார். எல்லாரும் கண்ணை மூட வேண்டும். சம்மதம் உள்ளவர்கள் கண்ணைத் திறக்காமல் கையைத் தூக்க வேண்டும். பக்கத்து ஆளைப் பார்த்துப் பயந்து யாரும் தூக்கிவிடக் கூடாது, மனசாட்சி மட்டும் பேச வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கூடத்தில் துணிகள் உரசும் சத்தம் கேட்டது. தூக்கும் சத்தமா, வெறுமனே நெளியும் சத்தமா என்று சொல்ல முடியவில்லை. அவர் கை தொடையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அவரால் ஆமாங்க என்று சொல்ல முடியவில்லை.

"ஒருமனதாக," என்றார் பெரியவர். எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள்.

ஒருமனதாக எப்படி? ஒரு கை குறைகிறதே என்று கண்ணாடிக்காரருக்கு மட்டும் தெரியும். அதைச் சொன்னால் அந்தக் கை எது என்பதும் தெரிந்துவிடும்.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி கேட்டாள்: "தூக்கினீங்களா?"

"பின்னே? தூக்காம இருக்க முடியுமா? நீ?"

"தூக்கினேன்," என்றாள் அவள்.

கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவளும் அக்காவும் ஈருடல் ஓருயிர். 'அண்ணி, அண்ணி' என்று முந்தானை பிடித்துக்கொண்டு திரிந்தவள். அவளே தூக்கிவிட்டாள் என்றால் இனி யாரைச் சொல்ல? அன்றிலிருந்து மனைவி பரிமாறும்போது அவர் அவள் கையைப் பார்ப்பதில்லை. தட்டை மட்டும் பார்ப்பார்.

கண்ணாடி போடும் வேலை யாருக்கு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தெருவில் கண்ணாடிக்காரர் ஒருவர்தான். வேலைக்காக வீட்டுக்குள் போகலாம், முகத்தை மட்டும் பார்க்கக் கூடாது என்று சபை அனுமதி கொடுத்தது.

அவர் பலகையைச் சுமந்துகொண்டு தலையைக் குனிந்தபடி உள்ளே போனார். அக்காவின் பாதங்கள் தெரிந்தன. தையல் மெஷின் தெரிந்தது. மூலையில் உடுப்பு மாட்டிப் பார்க்கும் பொம்மை, தலையில்லாமல், ஒரு காலில் நின்றுகொண்டிருந்தது. எல்லாம் பழையபடியே இருந்தது.

"வாங்க ஆமாஞ்சாமி," என்றாள் அக்கா.

அவர் பழைய கண்ணாடியின் பீடிங்கை உளியால் நெம்ப ஆரம்பித்தார்.

"தரையில என்னடா தேடுற? ஊசி எதுவும் விழல." சிரித்தாள். "சரி, நீ பேச வேண்டாம். நானே பேசுறேன். நாட்டுச் சட்டம் நான் நிக்கலாம்னு சொல்லுது. சபைச் சட்டம் நான் தெரியக் கூடாதுன்னு சொல்லுது. ரெண்டையும் மதிக்கணும்ல? நான் ஜன்னல்கிட்ட நிக்கிறேன், நீ மங்கலைப் போடு. தீந்துது."

பழைய கண்ணாடியைக் கழற்றித் தூக்கியபோது அதில் ஒரு நொடி அக்காவின் முகம் தெரிந்தது. கண்ணாடியில் தெரியும் முகம் முகத்தில் சேர்த்தியா என்று நெறியில் இருக்கிறதா, அவருக்குத் தெரியாது. இளைத்திருந்தாள். நெற்றியோரம் முழுக்க நரைத்திருந்தது. புதுப் பலகை பெரியது, ஒரு ஆளால் தாங்காது. அக்கா கேட்காமலே வந்து மறுமுனையைப் பிடித்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் அவள் விரல்கள் மங்கலாக, தண்ணீருக்குள் இருப்பதைப் போலத் தெரிந்தன.

கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. சட்டத்தில் ஏற்றினார், மக்கு அப்பினார், பீடிங் அடித்தார். தலையைக் குனிந்தபடியே வெளியேறினார். தெருவிலிருந்து திரும்பிப் பார்த்தபோது ஜன்னலில் ஒரு நிழல் நின்றது.

விஷயம் மறுநாள்தான் உறைத்தது. கடையில் மிச்சத் துண்டு ஒன்று கிடந்தது. கை கழுவிவிட்டு வந்தவர் அதை எடுத்து நகர்த்தினார். ஈரக்கை பட்ட இடத்தில் கண்ணாடி தெளிந்து, பின்னால் இருந்த சுத்தியல் பளிச்சென்று தெரிந்தது. சொரசொரப்பில் தண்ணீர் பட்டால் மங்கல் போய்விடும், காய்ந்தால் திரும்பி வரும். குளியலறையில் அந்தப் பக்கத்தை வெளியே வைப்பதே உள்ளே தெறிக்கும் தண்ணீர் அதில் படாமல் இருப்பதற்குத்தான். தெரு ஜன்னலுக்கு எல்லாம் தலைகீழ். அங்கே தண்ணீர் வெளியே இருந்து வரும், மழையாக. சொரசொரப்பு உள்ளே இருக்க வேண்டும்.

அவர் கை அதை வெளியே வைத்துவிட்டு வந்திருந்தது. மழை வந்தால் அக்காவின் முகம் தெரு முழுக்கத் தெரியும். கண்ணாடிக்காரன் அவளுக்குத் தம்பிதானே, வேண்டுமென்றே செய்தான் என்பார்கள். அப்புறம் அவரும் விலக்குதான். கடை போகும், மனைவி போவாள், குழந்தைகள் அவரைப் பார்த்துக் கன்னத்தில் கை வைக்கும். திருப்பிப் போடலாம் என்றால் மறுபடி சபையிடம் அனுமதி கேட்க வேண்டும், ஏன் என்று சொல்ல வேண்டும். மழைக்காலம் இன்னும் தூரத்தில் இருந்தது. பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். அப்படி விட்டுவிடுவதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது.

இதற்கிடையில் எதிர் வரிசைக்காரர்கள் ஒரு புகாரோடு வந்தார்கள். முகம் தெரியவில்லை, சரி. ஆனால் நிழல் தெரிகிறது. எப்போது பார்த்தாலும் அந்த நிழல் ஜன்னலில் நிற்கிறது, பார்க்காமல் இருக்க முடியவில்லை. சபை யோசித்தது. எதிர் வரிசை ஜன்னல்களுக்கும் மங்கல் போடுவது என்று முடிவாயிற்று, கண்ணை மூடி, ஒருமனதாக. பிறகு அக்காவின் வரிசைக்காரர்கள், எங்கள் பக்தி மட்டும் என்ன மட்டமா என்று ரோஷப்பட்டார்கள். அவர்களுக்கும் போடுவது என்றாயிற்று. கண்ணாடிக்காரருக்கு மூச்சுவிட நேரமில்லை. அப்படியொரு வியாபாரத்தை அவர் வாழ்நாளில் கண்டதில்லை, அப்படி வயிறு எரிந்துகொண்டே வேலை செய்ததும் இல்லை.

எதிர் வரிசையின் முதல் ஜன்னல் ரொட்டிக்கடைக்காரருடையது. அங்கே பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்காரர் நின்றார். எந்தப் பக்கம் வெளியே? இந்தத் தடவை கை சும்மா இருந்தது, அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்று மட்டும் தெளிந்து மற்றதெல்லாம் மங்கலாக இருந்தால் அக்கா ஒருத்திதான் அம்பலத்தில் நிற்பாள் என்று தோன்றியது. சொரசொரப்பை வெளியே திருப்பி ஏற்றினார். அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டிலும்.

வேலை முடிய முடியத் தெரு குருடாகிக்கொண்டே வந்தது. பகலிலும் விளக்கு எரிந்தது. நடு மத்தியானத்தில் நடந்து போனால் இரண்டு பக்கமும் வெள்ளைச் சதுரங்கள்தான், ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு கருத்த உருவம். அசையாமல் நிற்கும். வெளியே எதுவும் தெரியாத ஜன்னல் பக்கத்தில் இவர்களுக்கு என்ன வேலை? தன்னைத்தான் கண்காணிக்கிறார்கள் என்று கண்ணாடிக்காரர் நினைத்தார். நடையை எட்டிப் போட்டார். உருவங்கள் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எதிர் வரிசையில் இருந்த அவர் வீட்டு ஜன்னலிலும் ஒரு உருவம் நின்றது. உள்ளே போய்ப் பார்த்தால் மனைவி சமையலறையில் இருப்பாள். "நீ ஜன்னல்கிட்ட நின்னியா?" என்று கேட்டால், "எனக்கு வேற வேலை இல்லையா?" என்பாள்.

கடைசியாகப் பெரியவர் வீட்டு வேலை. அவர் டீ கொடுத்தார், உட்காரச் சொன்னார், உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். அவரை வெறுக்கவும் முடியாது, அப்படிப்பட்ட இதமான பேச்சு. கண்ணாடிக்காரர் மெதுவாக நூல் விட்டுப் பார்த்தார்.

"ஐயா, ஒரு சந்தேகம். அன்னைக்கு ஓட்டு எடுத்தோமே, அதுல எண்ணிக்கை... ஒண்ணு ரெண்டு விட்டுப் போயிருக்குமோ?"

"எண்ணிக்கையா?" பெரியவருக்குப் புரியவில்லை.

"கையை எண்ணியிருப்பீங்கள்ல ஐயா."

"நான் எப்படிப்பா எண்ணுறது? எல்லாரும் கண்ணை மூடணும்ங்கிறதுதானே நெறி. எல்லாரும்னா அதுல நானும்தானே?"

கண்ணாடிக்காரர் டீயைக் கீழே வைத்தார். "அப்ப யாருதான் எண்ணுறது?"

"கை தூக்குறது கடவுளுக்கு. எண்ணுறது அவர் வேலை. நம்ம ஜனங்க மனசுல வேற நினைப்பு இருக்காதுன்னு நம்புறேன், ஒருமனதாங்கிறேன். எனக்கு முன்னாடி இருந்த பெரியவரும் அப்படித்தான் சொன்னார்." அவர் முகத்தில் துளி கள்ளம் இல்லை. "டீ ஆறுது, குடி."

பெரியவர் பொய் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது கண்ணாடிக்காரருக்கு. பொய் என்றால் அதற்குப் பின்னால் ஒரு உண்மை தெரிந்த ஆளாவது இருப்பான். இங்கே யாருமே இல்லை. ஒருத்தரும் கை தூக்காமலே ஒரு தெருவின் சட்டம் நடந்துகொண்டிருக்கலாம். பெரியவர் வீட்டு ஜன்னலுக்கும் அவர் சொரசொரப்பை வெளியேதான் வைத்தார்.

அப்புறம்தான் மெஷின் நின்றது.

முகம் மறைந்த பிறகும் அக்காவின் தையல் மெஷின் சத்தம் தெருவுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தத் தடதடப்பு கேட்டால் கண்ணாடிக்காரருக்கு ஒரு நிம்மதி, இருக்கிறாள் என்று. ஒரு காலையில் அது கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. வாரம் ஓடியது. நிழல் மட்டும் ஜன்னலில் நின்றது. காலையில் கடை திறக்கும்போதும் நின்றது, சாத்தும்போதும் அதே இடத்தில் அதே சாய்வில் நின்றது. மனுஷி என்றால் உட்கார மாட்டாளா? ஒரு தடவை நகர மாட்டாளா? அவள் பின்வாசல் சபை அலுவலகத்துக்கு நேர் எதிரே. அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்க்கவும் வழியில்லை. அக்கா உயிரோடு இருக்கிறாளா என்று யாரிடம் கேட்பது? கேட்டால், யாரைச் சொல்கிறாய் என்பார்கள்.

எந்த மழை வரக் கூடாது என்று பயந்தாரோ, அது எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார்.

அது ஒரு பிற்பகலில் வந்தது. முதலில் புழுதி கிளம்பியது, பிறகு பெரிய பெரிய துளிகள், பிறகு காற்றோடு சாய்ந்தடிக்கும் மழை. கண்ணாடிக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு நடுத்தெருவுக்கு ஓடினார். மழை முதலில் எதிர் வரிசையில் அறைந்தது. ரொட்டிக்கடைக்காரரின் ஜன்னல் மேலிருந்து கீழாகத் தெளிந்தது. அதற்குப் பின்னால் ரொட்டிக்கடைக்காரர் நின்றார், மூக்கு கண்ணாடியில் நசுங்க. அடுத்த ஜன்னலில் ஒரு தாயும் மகளும். அதற்கடுத்ததில் ஒரு கிழவர். வரிசையாகத் தெளிந்துகொண்டே போனது, ஒரு ஜன்னல்கூடக் காலியில்லை. எல்லா முகமும் ஒரே திசையில் திரும்பியிருந்தது. யாரும் அவரைக் கண்காணித்திருக்கவில்லை. இத்தனை நாளும், எதுவும் தெரியாத கண்ணாடிக்குப் பின்னால் நின்று, அக்காவின் ஜன்னல் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கோடிவீட்டு ஜன்னலில் பெரியவரும் நின்றார்.

கண்ணாடிக்காரர் வீட்டு ஜன்னலும் தெளிந்தது. மனைவி நின்றாள். இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் ஊன்றி அழுதுகொண்டிருந்தாள். அந்த இடத்தில் கண்ணாடி கை எண்ணெயில் பிசுபிசுத்துப் போயிருந்தது. ஒரு நாளில் படியும் பிசுக்கு அல்ல அது.

காற்று திரும்பியது. மழை இப்போது அக்காவின் வரிசையில் அடித்தது. அந்த ஜன்னலில் முதலில் ஒரு தோள் தெரிந்தது. பிறகு கழுத்து. கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை. கண்ணாடிக்காரருக்கு உயிர் போய்விட்டது. பாதி தைத்த கவுனை மாட்டிக்கொண்டு, தலைக்குப் பதில் ஒரு துணிமூட்டை சரிந்து தொங்க, பொம்மைதான் ஜன்னலோரம் நின்றது. அதற்குப் பக்கத்தில் தாழ்வான ஸ்டூலில் அக்கா உட்கார்ந்து கையால் தைத்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் மாறியதை உணர்ந்து நிமிர்ந்தாள். தெரு முழுக்க முகங்கள், எல்லாக் கண்களும் அவள் மேல்.

யாரும் திரும்பவில்லை. திரும்ப மறந்துவிட்டார்களோ, முடியவில்லையோ. மழை மட்டும் பெய்தது.

இத்தனையும் ஏற்பாடு செய்த மனுஷர் நடுத்தெருவில் மரம் மாதிரி நின்றார். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவர் வீட்டுக் கதவு. மனைவி குடைகூட இல்லாமல் இறங்கி, அவரைத் தாண்டி, நேராக அக்கா வீட்டு வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். நாலு தப்படி போனவள் திரும்பி அவரைப் பார்த்தாள் என்று சொல்ல ஆசைதான். பார்க்கவில்லை.

அக்கா கதவைத் திறந்தாள்.

"அண்ணி, நான் அன்னைக்குக் கை தூக்கல," என்றாள் மனைவி, மழைக்கு மேலே கேட்கும்படி. "இவர் தூக்கிட்டாரேன்னு பயந்துபோய்த் தூக்கினேன்னு பொய் சொன்னேன்."

கண்ணாடிக்காரரின் கால் அப்போதுதான் நகர்ந்தது. வாசலுக்கு ஓடிவந்து நின்றார். "நானும் தூக்கலக்கா," என்றார். சின்னப் பிள்ளை மாதிரி அழுகை வந்துவிட்டது. மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை மாதம் ஒரே வீட்டில், ஒருவர் கையை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டது அவள் முகத்தில் ஓடியது. "அட பாவி மனுஷா," என்றாள்.

"மெஷின் சத்தம் நின்னு போச்சேக்கா. நான் என்னென்னவோ நெனச்சு..."

"பெல்ட் அறுந்து போச்சுடா. வாங்கப் போனா கடைக்காரன் சுவத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறான். நான் யாருகிட்டச் சொல்றது?" அக்காவின் குரலும் உடைந்திருந்தது. "எனக்கும் நின்னு நின்னு கால் வலிச்சுது. அதான் பொம்மையை நிறுத்தினேன், தெருவுக்குத் துணையா இருக்கட்டும்னு. வா, உள்ள வா. ரெண்டு பேரும் தலையைத் துவட்டுங்க."

மழை விட்டதும் கண்ணாடிகள் காய்ந்தன. வெள்ளை மெல்ல ஏறி முகங்களை ஒவ்வொன்றாக மூடியது.

அந்த வாரக் கடைசியில் சபை கூடியது. விலக்கப்பட்டவரின் வீட்டுக்குள் போன இருவரை என்ன செய்வது என்பதுதான் விஷயம். கண்ணாடிக்காரரையும் மனைவியையும் கடைசி வரிசையில் நிறுத்தினார்கள். பெரியவர் வருத்தத்தோடுதான் பேசினார். நெறி அவர் செய்ததல்ல, அவர் என்ன செய்வார்? பிரார்த்தனை சொன்னார். கண்ணை மூடச் சொன்னார். சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார்.

கண்ணாடிக்காரர் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. பக்கத்தில் பார்த்தார், மனைவியும் மூடவில்லை. முன்னால் ரொட்டிக்கடைக்காரர் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தாயும் மகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிழவர் பார்த்துக்கொண்டிருந்தார். கூடம் முழுக்கத் திறந்த கண்கள், ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடி. கைகள் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன. அத்தனை பேருக்கு நடுவில் ஒருவர் மட்டும் இமைகளை இறுக்கி, பக்தியோடு, முகத்தைச் சற்று மேலே தூக்கி நின்றார்.

"ஒருமனதாக," என்றார் பெரியவர்.

யாரும் அசையவில்லை. வழக்கமாக அந்தச் சொல்லுக்குப் பிறகு எழும் சலசலப்பு எழவில்லை. பெரியவர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு மெல்லக் கண்ணைத் திறந்தார். தெருவே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்தத் தடவை நீங்க எண்ணுங்க ஐயா," என்றார் கண்ணாடிக்காரர்.